சுவரில் எழுதிய பாட்டு

நுழையும் முன்

பிள்ளை பிறந்தால் தாலாட்டு, வயலில் இறங்கினால் நடவுப்பாட்டு, திருமணத்தில் நலுங்குப்பாட்டு, இறப்பில் ஒப்பாரி எனத் தமிழகச் சிற்றூர்ப் பெண்கள் வாழ்வின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பாட்டை வைத்திருந்தனர். அப்பாட்டுகளைப் பாடியவர் பலர். இயற்றியவர் பெயரோ எங்கும் எழுதப்படவில்லை. பீகார் மாநிலத்தின் வடபகுதியான மிதிலையிலும் பெண்கள் இவ்வாறே பாடி வந்தனர். பாடியதைச் சுவரில் ஓவியமாகவும் எழுதினர். அவ்வாறு எழுதிய பெண்களுள் ஒருவரான கங்கா தேவியின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

பாட்டும் சுவரும்

கங்கையாற்றுக்கு வடக்கே, இமயமலையின் அடிவாரம் வரை பரந்து கிடக்கும் சமவெளியே மிதிலை. அதன் ஒரு பகுதி பீகாரிலும் மறுபகுதி நேபாளத்திலும் உள்ளது. சனகனின் மகளாகச் சீதை வளர்ந்த நாடு இதுவே என்பது இராமாயணம் வழி வந்த நம்பிக்கை. இங்கு வாழும் மக்களின் மொழி மைதிலி. நெல்வயலும் மாந்தோப்பும் மீன் நிறைந்த குளங்களும் இந்நாட்டின் வளம். வெள்ளமும் வறட்சியும் இந்நாட்டின் துயரம்.

மிதிலையில் பெண்களின் பாட்டு இல்லாமல் எந்தச் சடங்கும் நிறைவுறாது. குழந்தை பிறந்த வீட்டில் சோஹர் என்னும் பாட்டு ஒலிக்கும். மணமகள் கணவன் வீட்டுக்குப் புறப்படும்போது சம்தாவுன் என்னும் பிரிவுப் பாட்டைப் பாடுவர். அதைக் கேட்டு ஊரே கண்கலங்கும். சிவனுக்கும் கௌரிக்கும் நிகழ்ந்த திருமணத்தைப் பாடும் பாட்டுகளும் உண்டு. அவற்றில், சாம்பல் பூசிய துறவியான சிவனுக்கு மகளைக் கொடுக்க அஞ்சிக் கௌரியின் தாய் புலம்புவாள். தெய்வத்தின் கதையைப் பாடுவது போலத் தோன்றினாலும், மகளை அறியாத வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு தாயின் அச்சமும் அப்பாட்டில் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வித்யாபதி என்னும் கவிஞரின் பாடல்களும், பெயரறியாத பெண்களின் பாடல்களும் ஒன்றோடொன்று கலந்து இன்றும் பாடப்படுகின்றன.

திருமணத்தின்போது மணமகள் வீட்டில் ஓர் அறையை மணமக்களுக்கென அணி செய்வர். அவ்வறைக்குக் கோஹ்பர் என்பது பெயர். மண்ணும் சாணமும் குழைத்து மெழுகிய அதன் சுவரில் உறவுப் பெண்கள் கூடி ஓவியம் தீட்டுவர். நடுவே தாமரைக் கொடி படரும். அருகில் மூங்கில் புதர் செழித்து நிற்கும். மீன், ஆமை, கிளி, பாம்பு, ஞாயிறு, திங்கள் ஆகியவை அவற்றைச் சூழ்ந்திருக்கும். மூங்கில் கிளைத்துப் பெருகுவது போலக் குலம் தழைக்க வேண்டும், மீனைப் போல மக்கட்செல்வம் பெருக வேண்டும் என்பன இவ்வுருவங்களின் பொருள். கைகள் சுவரில் கோடு இழுக்க, வாய் கோஹ்பர்ப் பாட்டைப் பாடும். பாட்டில் வரும் தாமரையும் கிளியும் சுவரிலும் வந்து அமரும். கேட்பதற்கு ஒரு வாழ்த்து, காண்பதற்கு ஒரு வாழ்த்து என இரண்டும் அவ்வறையில் ஒன்றாகும்.

மிதிலைப் பெண்கள் இவ்வோவியத்தை வரைவதாகச் சொல்வதில்லை. எழுதுவதாகவே சொல்வர். தமிழிலும் ஓவியம் எழுதுதல் என்னும் வழக்கு பழங்காலம் முதல் உண்டு. பள்ளிக்குச் சென்று எழுத்தறியும் வாய்ப்புப் பெறாத பெண்களுக்கு, இச்சுவரே ஏடாகவும் இக்கோடே எழுத்தாகவும் இருந்தன.

இளமையும் பயிற்சியும்

கங்கா தேவி 1928ஆம் ஆண்டு, இன்றைய மதுபனி மாவட்டத்திலுள்ள சதரா என்னும் சிற்றூரில், காயஸ்தர் குடும்பத்தில் பிறந்தார். கணக்கும் எழுத்தும் தொழிலாகக் கொண்ட சமூகம் அது. ஆயினும் அக்காலத்தில் ஏட்டுக் கல்வி பெரும்பாலும் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. பெண்களுக்கு உரியவை பாட்டும் ஓவியமும் சடங்கும் ஆகும். சிறுமியான கங்கா, தாயிடமிருந்தும் வீட்டு மூத்த பெண்களிடமிருந்தும் இக்கலையைப் பயின்றார்.

பயிற்சி தரையிலிருந்து தொடங்கியது. அரிசியை ஊறவைத்து அரைத்த மாவுக்கரைசலில் விரலைத் தோய்த்து, மெழுகிய தரையில் அரிபன் என்னும் கோலத்தை இடுவர். நம் வீடுகளில் இடும் மாக்கோலத்தை ஒத்தது இது. தரையில் கை பழகிய பின்னரே சுவரைத் தொடுவர். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சையோ துணியையோ சுற்றினால் தூரிகை ஆயத்தம். விளக்குப் புகைக் கரி கருமைக்கு, காவிமண் செம்மைக்கு, மஞ்சள் மஞ்சளுக்கு, இலைச்சாறு பச்சைக்கு. கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

மிதிலை ஓவியத்தில் இரு முறைகள் சிறப்பானவை. உருவத்தின் எல்லைக்கோட்டை இட்டு, உள்ளே வண்ணத்தை நிரப்புவது பர்னி. வண்ணத்தை நிரப்பாமல், நுண்ணிய கோடுகளை அடுக்கியே உருவத்தை நிறைப்பது கச்னி. காயஸ்தர் வீட்டுப் பெண்கள் கச்னி முறையில் தேர்ந்தவர்கள். கறுப்பும் சிவப்புமே அவர்கள் பெரிதும் கையாண்ட நிறங்கள். ஒரு மீனின் செதிலையோ ஒரு சேலையின் மடிப்பையோ காட்ட நூற்றுக்கணக்கான கோடுகள் வேண்டும். கை நடுங்கினால் கோடு கெடும். கோடு கெட்டால் அழித்துத் திருத்த வழியில்லை. கங்கா தேவியின் கை அம்முறையில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்றது.

அவர் சிறுமியாக இருந்த 1934ஆம் ஆண்டு, சனவரி 15ஆம் நாள், பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. எண்ணற்ற வீடுகள் இடிந்தன. சேதத்தைப் பார்வையிடச் சென்றவர்களுள் வில்லியம் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேய அதிகாரியும் ஒருவர். வெளியார் நுழையாத உள்ளறைகளின் சுவர்கள் பிளந்து திறந்து கிடந்தன. அச்சுவர்களில் இருந்த ஓவியங்களைக் கண்டு அவர் வியந்தார். பின்னர் அவற்றைப் படம் பிடித்து, 1949ஆம் ஆண்டு மார்க் என்னும் கலை இதழில் கட்டுரை எழுதினார். பீகார் மக்களின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தவரும் அவரே. பெண்கள் தமக்குள் போற்றி வந்த கலையை வெளியுலகம் முதலில் கண்டது இடிந்த சுவர்களின் வழியே என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. எனினும் அவ்வோவியங்களை எழுதிய பெண்களின் பெயர்களை அப்போது எவரும் கேட்கவில்லை.

வாழ்வு திரும்பிய திசை

அக்கால வழக்கப்படி கங்கா தேவிக்கு இளமையிலேயே திருமணம் நிகழ்ந்தது. ரசித்பூர் என்னும் ஊருக்கு மருமகளாகச் சென்றார். அவருக்காகவும் உறவுப் பெண்கள் பாடியிருப்பர். குலம் தழைக்கவும் இணை பிரியாதிருக்கவும் வாழ்த்தும் ஓவியம் அவருக்காகவும் சுவரில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அவ்வாழ்த்து பலிக்கவில்லை. கணவர் மற்றொரு பெண்ணை மணந்துகொண்டார். கங்கா தேவி தனித்து விடப்பட்டார்.

கைம்பெண்ணுக்கும் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் சிற்றூரில் மதிப்புக் குறைவு. நிலமோ சேமிப்போ கல்வியோ துணையோ அவரிடம் இல்லை. வறுமை வாட்டியது. அவரிடம் எஞ்சியிருந்தவை தாயிடம் கற்ற கோடும் காதில் நிறைந்த பாட்டும் மட்டுமே.

நிறைவான மணவாழ்வை வாழ்த்தும் ஓவியத்தை, அவ்வாழ்வு வாய்க்காத ஒருவர் எழுதுவது எளிதன்று. மனம் கசந்து அதை வெறுத்து ஒதுக்கியிருக்கலாம். கங்கா தேவி அவ்வாறு செய்யவில்லை. தாமரைக்கும் மூங்கிலுக்கும் மணமகளின் தலைகுனிவுக்கும் உரிய அழகை அவர் ஒருபோதும் குறைத்து எழுதியதில்லை.

சுவரிலிருந்து தாளுக்கு

1966, 1967ஆம் ஆண்டுகளில் பீகாரில் மழை பொய்த்துப் பஞ்சம் சூழ்ந்தது. மக்களுக்கு வருவாய் தேடித் தரும் வழிகளை அரசு ஆராய்ந்தது. அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தில் பொறுப்பு வகித்த புபுல் ஜெயகர், ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மிதிலைக்கு அனுப்பினார். குல்கர்னி பெண்களிடம் தாளைக் கொடுத்து, சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதும்படி ஊக்கினார். தாளில் எழுதியதை விற்கலாம். விற்றால் வீட்டில் அடுப்பு எரியும்.

தொடக்கத்தில் பல பெண்கள் தயங்கினர். வீட்டுச் சுவரில் எழுதுவது சடங்கு. தாளில் எழுதுவது விற்பனை. நாளடைவில் தயக்கம் நீங்கியது. ஜகதம்பா தேவி, சீதா தேவி முதலியோரின் ஓவியங்கள் மாநில எல்லையைக் கடந்தன. கங்கா தேவியும் தாளையும் மையையும் கையில் எடுத்தார். சுவரில் தடித்த கோடாக இருந்தது தாளில் மயிரிழை போல மெலிந்தது. அவருடைய ஓவியங்களைக் கண்ட இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் வியந்து பாராட்டினர்.

தாள் மற்றொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. சுவரில் எழுதிய எவரும் பெயரை எழுதுவதில்லை. ஓவியம் வீட்டுக்கு உரியது. மழையிலும் மெழுகலிலும் மறைந்து, அடுத்த திருமணத்தில் புதிதாகப் பிறக்கும். தாளில் எழுதியதோ எழுதியவரின் பெயரோடு நிலைத்தது. கணவரால் கைவிடப்பட்டவர் என்று ஊரார் அறிந்திருந்த ஒருவரை, கச்னி ஓவியத்தின் பெருங்கலைஞர் என்று நாடு அறியத் தொடங்கியது. நடுவண் அரசு அவருக்குத் தலைசிறந்த கைவினைஞருக்கான தேசிய விருதினை வழங்கியது. 1984ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

ஒரு பெண்ணின் வாழ்க்கை வரிசை

மரபான தெய்வ உருவங்களையும் இராமாயணக் காட்சிகளையும் கங்கா தேவி பல தாள்களில் எழுதினார். ஆயினும் அவருடைய தனிச்சிறப்பை உணர்த்துவது மனித வாழ்க்கை என்று பொருள்படும் மானவ் ஜீவன் என்னும் ஓவிய வரிசை ஆகும். மிதிலைச் சிற்றூர்ப் பெண் ஒருத்தியின் வாழ்வை அதில் படிப்படியாக எழுதினார். கருவுற்ற தாய், குழந்தை பிறப்பு, பிறப்பை ஒட்டிய சடங்குகள், வளரும் பருவம், திருமணம் என ஒவ்வொரு நிலையும் ஒரு காட்சியாக விரிகிறது.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சோஹர் முதல் சம்தாவுன் வரை பெண்கள் எந்தெந்தத் தருணங்களில் பாடுவார்களோ, அந்தந்தத் தருணங்களையே அவர் காட்சிகளாக்கினார். அதற்கு முன் மிதிலையில் இப்படி ஒரு பெண்ணின் வாழ்வைத் தொடர்கதையாக எழுதும் மரபு இல்லை. பாட்டில் இருந்தது, சுவரில் இல்லை. பாட்டில் மட்டுமே வாழ்ந்த தாயும் மகளும் மாமியும் மருத்துவச்சியும் அவருடைய கோட்டில் உருவம் பெற்றனர். சுவரில் தெய்வங்களும் மங்கலச் சின்னங்களும் இருந்த இடத்தில், தாளில் சாதாரணப் பெண்ணொருத்தி வந்து அமர்ந்தாள்.

கடல் கடந்த கோடு

கங்கா தேவி சோவியத்து நாட்டுக்கும் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் அழைக்கப்பட்டார். ஜப்பானில் மிதிலை ஓவியங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. அங்கும் அவருடைய ஓவியங்கள் காக்கப்படுகின்றன.

1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்திய விழா நடைபெற்றது. அதில் பங்கேற்க அவர் வாசிங்டன் நகருக்குச் சென்றார். அங்குக் கண்டவற்றை ஊர் திரும்பி எழுதினார். வானளாவிய வாசிங்டன் நினைவுத்தூணும் அதைச் சூழ்ந்த கொடிகளும் கச்னிக் கோடுகளால் உருப்பெற்றன. பொழுதுபோக்குப் பூங்காவில் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டர் வண்டியில் அவர் பயணம் செய்தார். அதுவும் ஓர் ஓவியமாயிற்று. புதிய காட்சிகளை எழுத அவர் புதிய முறை எதையும் கடன் வாங்கவில்லை. அயல்நாட்டு மக்களின் உடைகளிலும் மிதிலையின் பூக்களும் கோடுகளுமே மலர்ந்தன. ஊரை விட்டு வெகுதொலைவு சென்றாலும், ஊரில் கற்ற மொழியிலேயே உலகைச் சொல்ல முடியும் என்பதை அவ்வோவியங்கள் காட்டுகின்றன.

இறுதிச் சுவர்

புகழ் சேர்ந்த காலத்திலேயே நோயும் சேர்ந்தது. கங்கா தேவியைப் புற்றுநோய் பற்றியது. மருத்துவத்துக்காக அவர் தில்லியில் தங்கினார். நோயுற்ற நாட்களையும் மருத்துவமனையில் கண்டவற்றையும்கூட அவர் ஓவிய வரிசையாக எழுதினார். மிதிலைப் பாட்டில் நோயாளிப் பெண்ணின் மருத்துவமனை வாழ்வுக்கு இடமில்லை. மரபு இடம் தராத துயரத்துக்கும் அவர் தம் கோட்டில் இடம் தந்தார்.

சிகிச்சை பெற்றுவந்த அந்நாட்களில், தில்லியிலுள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதும் கோஹ்பர் ஓவியம் எழுதும் பணியை மேற்கொண்டார். தாளில் உலகப் புகழ் பெற்றவர் மீண்டும் சுவரிடம் திரும்பினார். உடல் தளர்ந்தபோதும் கோடு தளரவில்லை. தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் தலைநகரின் சுவரில் பூத்தன. மணவாழ்வு வாய்க்காத அவர், இனி வாழப்போகும் எல்லா இணைகளுக்கும் வாழ்த்துச் சொல்வது போல அவ்வறையை எழுதி முடித்தார். 1991ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவ்வறை பல்லாண்டுகள் காண்போரைக் கவர்ந்தது. பின்னாளில் அருங்காட்சியகக் கட்டடம் சீரமைக்கப்பட்டபோது அச்சுவரோவியங்கள் அழிந்தன. கலை அன்பர்கள் பெரிதும் வருந்தினர். சிற்றூரில் ஒரு கோஹ்பர்ச் சுவர் அழிந்தால் எவரும் வருந்துவதில்லை. அடுத்த திருமணத்தில் அதே வீட்டுப் பெண்கள் அதை மீண்டும் எழுதுவர். தில்லிச் சுவரை மீண்டும் எழுத கங்கா தேவி இல்லை. பாட்டு ஒருவரோடு முடிவதில்லை. வாய் மாறி வாழும். ஓர் ஓவியரின் கையெழுத்து அவ்வாறு மாறி வாழாது. அதைக் காப்பது பின்வந்தோரின் கடமை ஆகும்.

கங்கா தேவியின் தாள் ஓவியங்கள் இன்றும் உள்ளன. மதுபனியில் இன்றும் பெண்கள் அரிசி மாவில் விரல் தோய்த்து அரிபன் இடுகின்றனர். அவர்களுள் பலர் தாளில் எழுதுகின்றனர். எழுதி முடித்ததும் ஓரத்தில் தம் பெயரையும் எழுதுகின்றனர்.

சொற்பொருள்

ஒப்பாரி – இறந்தவரை எண்ணிப் பாடும் புலம்பல் பாட்டு
நலுங்கு – திருமணத்தில் மணமக்களை அமர்த்திச் செய்யும் மங்கலச் சடங்கு
கைம்பெண் – கணவனை இழந்த பெண்
மெழுகுதல் – சாணக் கரைசலால் தரையையோ சுவரையோ பூசுதல்
மருத்துவச்சி – மகப்பேறு பார்க்கும் பெண்
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மிதிலைப் பகுதி மக்கள் பேசும் மொழி __________.
2. மகளைக் கணவன் வீட்டுக்கு அனுப்பும்போது பாடும் பாட்டு __________.
3. நுண்ணிய கோடுகளை அடுக்கி உருவத்தை நிறைக்கும் முறை __________.
4. கங்கா தேவி பத்மஸ்ரீ விருது பெற்ற ஆண்டு __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கோஹ்பர் ஓவியத்தில் மூங்கிலும் மீனும் எவற்றைக் குறிக்கின்றன?
2. ஆர்ச்சர் மிதிலை ஓவியங்களைக் கண்டது எவ்வாறு?
3. அரிபன் என்பது யாது? அது நம் வீட்டு வழக்கம் எதனோடு ஒத்துள்ளது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. சுவரிலிருந்து தாளுக்கு மாறியதால் மிதிலைப் பெண்கள் பெற்ற நன்மைகள் யாவை?
2. மானவ் ஜீவன் ஓவிய வரிசைக்கும் பெண்களின் பாட்டுகளுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

ஈ. சிந்தித்து எழுதுக.
சிற்றூர்ச் சுவர் ஓவியம் அழிவதும் அருங்காட்சியகச் சுவர் ஓவியம் அழிவதும் ஒன்றா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

கற்பவை கற்றபின்

உம் பாட்டியிடமோ அம்மாவிடமோ அவர்கள் ஊரில் பாடிய தாலாட்டு, நடவுப்பாட்டு, நலுங்குப்பாட்டு ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு எழுதுக. தொலைவில் இருப்பின் தொலைபேசியில் கேட்கலாம். அப்பாட்டில் வரும் காட்சி ஒன்றைக் கறுப்பு, சிவப்பு ஆகிய இரு நிறங்களில் கோடுகளால் வரைக. கீழே பாட்டைச் சொன்னவர் பெயர், அவர் ஊர், உம் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுக.